எறிந்ததை எடுத்தாளும் அறம்
(இரும்புக் கசடும் இல்லறத்தார் கடமையும்)



கொல்லன் உலையில் தாதுமண் உருகும்போது இரும்பு ஒருபுறம் திரளும். கிட்டம் மறுபுறம் ஒதுங்கும். இரும்பு கொழுவாகவும் அரிவாளாகவும் வடிவெடுத்து ஊருக்குள் நுழையும். கிட்டமோ ஊர்ப்புறத்து மேட்டில் கொட்டப்பட்டுக் கிடக்கும். கொங்கு நாட்டுக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வில் பழைய உலைகளின் எச்சங்களோடு இரும்புக் கசடும் வெளிப்பட்டது. இரும்பு துருவேறி அழிந்த இடத்திலும் கசடு அழியாமல் கிடந்து, இங்கே ஒரு காலத்தில் உலை எரிந்தது என்று சான்று கூறுகிறது.

அந்தக் கிட்டத்தைத் தேடிச் சென்றவர் ஒருவர் உண்டு. அவர் நாட்டு வைத்தியர். மண்டூரம் என்று மருந்து நூலோர் பெயரிட்டது இந்தப் பழைய இரும்புக் கிட்டத்தையே. அதனைப் பழுக்கக் காய்ச்சிப் பலமுறை நனைத்து அணைத்து, அரைத்து, புடமிட்டு, சோகை நோய்க்கு மருந்தாக்கினர். நூறாண்டு மண்ணில் கிடந்த கிட்டம் தலையாயது, எண்பதாண்டுக் கிட்டம் இடைப்பட்டது, அறுபதாண்டுக் கிட்டம் கடைப்பட்டது என்று தரமும் பிரித்தனர். அன்று உருகி வந்த புதுக் கிட்டத்தை எவரும் மருந்துக்கு எடுக்கவில்லை. எறியப்பட்ட பொருளுக்கும் பயன் உண்டு என்பது ஒன்று; அதனைப் பக்குவமறிந்தே எடுத்தாள வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டு செய்திகளையும் அந்தப் பழைய வழக்கம் உணர்த்துகிறது. இன்றைய எஃகு ஆலைகளின் கசடு குறித்துச் சொல்லத்தக்கன யாவும் இவ்விரண்டின் விரிவே எனலாம்.

கசடு பிறக்கும் வகை

பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் இரும்புத் தாதுவில் இரும்பு மட்டும் இருப்பதில்லை. மணற்சத்தும் களிமண் சத்தும் அதனோடு பிணைந்துள்ளன. அவற்றைப் பிரிப்பதற்காக ஊதுலையில் தாதுவோடும் கற்கரியோடும் சுண்ணாம்புக்கல்லையும் சேர்க்கின்றனர். ஏறத்தாழ 1,500 பாகை வெப்பத்தில் சுண்ணாம்பு அந்த மாசுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு உருகி, எடை குறைந்ததாகையால் இரும்பின்மேல் மிதக்கிறது. அதுவே ஊதுலைக் கசடு. இரும்பின் மாசைத் தான் ஏற்று, இரும்பைத் தூயதாக்கி விலகும் பொருள் அது. இந்திய ஆலைகளில் ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 300 முதல் 400 கிலோ வரை இந்தக் கசடு வெளிப்படுகிறது.

இரும்பு எஃகாகும்போது இரண்டாம் முறையாகக் கசடு பிறக்கிறது. உருகிய இரும்பின்மீது உயிர்வளியைச் செலுத்தி, அதிலுள்ள மிகைக் கரியையும் பாஸ்பரம், சிலிக்கன் முதலியவற்றையும் நீக்குகின்றனர். அங்கும் சுண்ணாம்பே மாசைத் தாங்குகிறது. இவ்வாறு வருவது எஃகுக் கசடு. ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 100 முதல் 200 கிலோ. அதற்குப் பின்னரும் கொள்கலத்தில் வைத்து எஃகை மேலும் சுத்திகரிக்கும்போது மூன்றாம் வகைக் கசடு சிறிதளவு வருகிறது. மூன்றும் ஒரே குலத்தன போலத் தோன்றினும் இயல்பில் வேறு. ஒன்றுக்குப் பொருந்தும் பயன் மற்றொன்றுக்குப் பொருந்தாது. இதனை மறந்தவர்கள் தாம் கட்டிய தளம் வெடித்தபின் வருந்துவர்.

உலகில் மிகுதியாக எஃகு செய்யும் நாடுகளில் சீனத்துக்கு அடுத்த இடம் இந்தியாவினுடையது. 2017ஆம் ஆண்டின் தேசிய எஃகுக் கொள்கை, 2030–31க்குள் 30 கோடி டன் உற்பத்தித் திறனை எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தது. எஃகு வளரும் அளவுக்குக் கசடும் வளரும். அதனைக் கொட்டுவதற்கு நிலம் வேண்டும். கொட்டிய மேட்டின்மீது மழை பெய்தால் காரம் மிகுந்த நீர் ஓடையில் கலக்கும். காற்றடித்தால் தூசு பறக்கும். ஆகவே கசட்டை என் செய்வது என்பது ஆலைக்காரரின் கணக்கு மட்டுமன்று. நிலத்தில் வாழும் உயிர்கள் அனைத்தையும் தொடும் வினா.

குளிரும் விதத்தில் உள்ள பயன்

ஊதுலைக் கசட்டை மெல்ல ஆறவிட்டால் அது கல்லாகிவிடும். சாலைக்குச் சல்லியாக உதவும். அதையே உருகிய நிலையில் வேகமான நீர்த்தாரையில் பாய்ச்சினால், கல்லாகத் திரள்வதற்கு நேரமின்றி, கண்ணாடி போன்ற மணலாக உதிர்கிறது. அந்த மணலுக்குள் ஓர் ஆற்றல் உறங்குகிறது. மாவாக அரைத்துச் சிறிது சுண்ணாம்போடும் நீரோடும் சேர்த்தால் அது சிமெண்டைப் போலவே இறுகுகிறது. 1862இல் செருமனியில் எமில் லாங்கன் என்பவர் இவ்வியல்பைக் கண்டறிந்தார். ஆலைக்கு வெளியே குவிந்து கிடந்த பொருள் அதன்பின் கட்டடத்துக்குள் புகுந்தது.

இந்தியத் தர நிறுவனம் கசடு கலந்த போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஐ.எஸ். 455 என்னும் தரவிதியை வகுத்துள்ளது. அதன்படி மூட்டையில் உள்ள சிமெண்டில் 25 விழுக்காடு முதல் 70 விழுக்காடு வரை ஊதுலைக் கசடாக இருக்கலாம். அரைத்த கசட்டைத் தனியே கான்கிரீட்டில் கலப்பதற்கு ஐ.எஸ். 16714 என்னும் விதி 2018இல் வந்தது. ஆகவே இது ஏழைக்கான மாற்றுப் பண்டமோ கலப்படமோ அன்று. விதிக்கு உட்பட்ட முறையான சிமெண்ட். கடற்காற்றும் உப்பு நீரும் படும் கட்டடங்களுக்கு இதுவே ஏற்றது எனப் பொறியாளர் பரிந்துரைப்பதும் உண்டு. உப்பு உட்புகுந்து உள்ளிருக்கும் கம்பியை அரிப்பதை இது தடுக்கிறது.

இராசபாளையம் காட்டும் கணக்கு

இந்தச் செய்தியை இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் பொருத்திப் பார்ப்பது தகும். மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் இவை. ஒன்று நூற்பாலைகளால் பெயர் பெற்றது. மற்றொன்று பதினொரு நிலைக் கோபுரத்தாலும் பால்கோவாவாலும் பெயர் பெற்றது. இராசபாளையத்தில் 1936இல் நூற்பாலை தொடங்கிய பி.ஏ.சி. இராமசாமி ராஜா, 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தை உருவாக்கினார். விருதுநகரை அடுத்த துலுக்கப்பட்டியில் 1961இல் அதன் முதல் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இன்று இராம்கோ சிமெண்ட்ஸ் என்னும் பெயரில் வழங்கும் அந்நிறுவனத்தின் வேர் இராசபாளையத்தில்தான் உள்ளது. விருதுநகர் மாவட்டத்து வறண்ட மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருந்ததே அவ்வாலை அங்கு எழக் காரணம்.

சிமெண்டின் உயிர்ப்பொருள் கிளிங்கர் எனப்படும் சுட்ட கட்டி. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டு அதனை ஆக்குகின்றனர். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும்; 44 கிலோ கரிவளியாகி வானில் கலக்கும். எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல். எத்தனை திறமையாகச் சூளையை நடத்தினாலும் கல்லுக்குள் இருக்கும் கரிவளி வெளியேறாமல் தீராது. கிளிங்கரைக் குறைப்பது ஒன்றே அதனைக் குறைக்கும் வழி. ஊதுலைக் கசட்டின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. அது ஏற்கெனவே ஒருமுறை சுடப்பட்டுவிட்டது. அதிலுள்ள சுண்ணாம்பு தன் கரிவளியை ஊதுலையிலேயே இழந்துவிட்டது. அதனை இன்னொரு முறை சுட வேண்டியதில்லை; அரைத்தால் போதும்.

ஆயிரம் சதுர அடி வீடு ஒன்று எழுப்ப ஏறத்தாழ 400 மூட்டை, அதாவது 20 டன் சிமெண்ட் செலவாகும் என்பது கொத்தனார்களின் கணக்கு. சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்குப் பதிலாகப் பாதியளவு கசடு கொண்ட சிமெண்டைப் பயன்படுத்தினால், ஒன்பது டன்னுக்குக் குறையாத கிளிங்கர் மிஞ்சும். பதின்மூன்று டன் சுண்ணாம்புக்கல் வெட்டப்படாமல் மண்ணிலேயே கிடக்கும். ஒரு குடும்பம் ஒரு வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவு.

ஆயினும் ஒரு தடை உண்டு. அதனை மறைத்துப் பேசுவது வாய்மை ஆகாது. தமிழ்நாட்டில் ஊதுலை உள்ள பெரிய எஃகு ஆலை சேலம் மாவட்டத்துப் பொட்டனேரியில் இருக்கிறது. இராசபாளையத்துக்கு அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். எடைமிகுந்த பொருளை அவ்வளவு தொலைவு லாரியில் ஏற்றி வந்தால், மலையில் மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கு சாலையில் புகையாகும். இதனாலேயே சிமெண்ட் நிறுவனங்கள் கிளிங்கர் சுடும் ஆலையைக் கல் கிடைக்கும் இடத்திலும், அரைவை ஆலையைக் கசடோ சாம்பலோ கிடைக்கும் இடத்திலும் அமைக்கின்றன. இராசபாளையத்து நிறுவனமும் எஃகு நகரமாகிய விசாகப்பட்டினத்திலும், அனல்மின் நிலையம் உள்ள மேற்கு வங்கத்துக் கோலாகாட்டிலும் அரைவை ஆலைகளை நடத்துகிறது. தென்பாண்டி நாட்டுக்கு அருகில் உள்ள கழிவு எது? தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் சாம்பல். சேலத்துத் தொலைவில் பாதிகூட இல்லை அது. சாம்பல் கலந்த சிமெண்டுக்கு ஐ.எஸ். 1489 என்னும் தரவிதி உண்டு. 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் சேரலாம். கடற்கரை மாவட்டத்தார்க்குக் கசடு பொருந்தலாம்; திருவில்லிபுத்தூரில் வீடு கட்டுவோர்க்குச் சாம்பல் பொருந்தலாம். அருகில் உள்ள கழிவே முதலில் எடுத்தாளத்தக்க கழிவு.

நீறாத சுண்ணாம்பு

இனி எஃகுக் கசடு. இதன் குணத்தைப் பழைய கொத்தனார் ஒருவரிடம் விளக்க நெடுநேரம் ஆகாது. காளவாசலிலிருந்து வந்த சுண்ணாம்பை அவர் உடனே பூச்சுக்கு எடுப்பதில்லை. தொட்டியில் நீர் ஊற்றி நீற்றி, நாட்கணக்கில் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துச் செக்கில் அரைத்தபின்னரே சுவரில் ஏற்றுவார். நீறாத கட்டி ஒன்று தப்பித் தவறிப் பூச்சில் சேர்ந்துவிட்டால், சில மாதங்கள் கழித்து ஈரம் பட்டு அது ஊதி, அவ்விடம் அம்மைக் கொப்புளம்போல் வெடித்து உதிரும்.

எஃகுக் கசட்டின் குறை இதுவே. அதனுள் மாசோடு சேராமல் தனித்து நின்ற சுண்ணாம்பும் மக்னீசியமும் எஞ்சியிருக்கின்றன. நீர் பட்டால் அவை மெல்ல மெல்ல ஊதும். வாங்கிய நாளிலேயே இதனைத் தரைக்கு அடியில் நிரப்பித் தளம் போட்டால், ஓராண்டிலோ ஈராண்டிலோ தளம் எழும்பிப் பிளக்கும். ஆகவே அதனைத் திறந்தவெளியில் பரப்பி, நீர் தெளித்து, மாதக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் கிடத்துகின்றனர். அல்லது நீராவியால் விரைவில் நீற்றுகின்றனர். உள்ளிருக்கும் இரும்புத் துணுக்குகளைக் காந்தத்தால் பிரித்தெடுத்து உலைக்கே திருப்பி அனுப்புகின்றனர். மண்டூரத்துக்கு நூறாண்டு வேண்டும் என்றாரே வைத்தியர், அவருடைய காரணம் வேறாயினும், காலம் பக்குவப்படுத்தாத கிட்டத்தைத் தொடாதே என்னும் எச்சரிக்கை இரண்டுக்கும் பொது.

பக்குவப்பட்ட எஃகுக் கசடு கருங்கல்லைவிடக் கடினமும் எடையும் மிக்கது. 2022 சூன் மாதத்தில் குசராத்தின் சூரத் நகரை அடுத்த அசீராவில், மத்திய சாலை ஆய்வு நிறுவனத்தின் வழிகாட்டுதலில் முழுவதும் எஃகுக் கசட்டுச் சல்லியால் ஆன ஆறுவழிச் சாலை ஒன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலைக்கு ஒரு லட்சம் டன் கசடு செலவாயிற்று. துறைமுகத்தின் கனரக வண்டிகள் அதன்மீது ஓடுகின்றன. 2024 சனவரியில் மும்பை–கோவா நெடுஞ்சாலையிலும் இத்தகைய பகுதி ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 80,000 டன் கசடு பயன்பட்டது. எஃகு ஆலைகள் இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1.9 கோடி டன் எஃகுக் கசட்டை வெளியிடுகின்றன என்று அந்த முதற்சாலை திறக்கப்பட்டபோது சொல்லப்பட்டது. சாலைக்கு ஏற்கும் இதே கசட்டை வீட்டின் கம்பி கட்டிய கான்கிரீட்டில் சல்லியாக இடுவதற்கு 2016ஆம் ஆண்டின் ஐ.எஸ். 383 தரவிதி இடம் தரவில்லை. இந்த வேறுபாடு நினைவில் நிற்க வேண்டும்.

வயலுக்குப் போன கசடும் உண்டு. 1878இல் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்னும் ஆங்கிலேயர் பாஸ்பரம் மிகுந்த இரும்பையும் நல்ல எஃகாக்கும் வழியைக் கண்டார். பாஸ்பரம் முழுதும் கசட்டில் தங்கியது. அக்கசட்டை மாவாக்கிச் செருமனி முதலிய நாட்டு உழவர்கள் புளிப்பு மண்ணுக்கு உரமாக இட்டனர். ஆயினும் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் மண் இயல்பிலேயே காரப் பாங்குடையது. காரமான கசடு அதற்கு வேண்டுவதன்று. ஓரூர் மருந்து மற்றோரூரில் நஞ்சாகலாம்.

அஞ்ச வேண்டியவை

நன்மையை மட்டும் சொல்லி விடுவது வணிகர் விளம்பரம். அவைக்கு அது அழகன்று. துருவேறா எஃகு ஆக்கும்போது வரும் கசட்டில் குரோமியம் இருக்கும். அது ஆறுமடி குரோமியமாக மாறினால் நீரையும் உடலையும் கெடுக்கும் நஞ்சு. சில வகைச் சுத்திகரிப்புக் கசடுகள் ஆறும்போதே பருமன் பெருகித் தாமாகவே பொடியாக உதிர்ந்து, வேலையாட்களின் மூச்சில் புகுகின்றன. மறுபயன் என்னும் நல்ல பெயரைச் சூட்டி, ஆய்வின்றிக் கசட்டைக் கண்மாய்க் கரையிலோ பள்ளத்திலோ கொட்டிச் சமன்செய்வது மறுபயன் ஆகாது; குப்பையை இடம் மாற்றுவதே ஆகும். மழை குறைந்த இம்மாவட்டத்தில் கண்மாய் நீரே ஊரின் உயிர். கசட்டை விற்பவர் ஆய்வறிக்கை காட்ட வேண்டும். வாங்குபவர் கேட்க வேண்டும்.

அறநூலின் அளவுகோல்

கொல்லாமையை முதலறமாகக் கொண்ட சமயத்தார்க்கு இதில் ஓர் ஐயம் எழும். நிலவுடல், நீருடல், தீயுடல், காற்றுடல், தாவரவுடல் என ஐவகை ஓரறிவுயிர்களை நூல்கள் கூறுகின்றன. சுரங்கம் நிலத்தைக் கிழிக்கிறது. உலை தீயை வளர்க்கிறது. கசட்டைக் குளிர்விக்க நீர் பாய்கிறது. இத்தனை வன்செயலில் பிறந்த பொருளை எடுத்தாள்வது அவ்வினையில் பங்கு கொள்வது ஆகாதா?

இல்லறத்தார்க்கு அறநூல் வகுத்த அளவுகோல் இதற்கு விடை தருகிறது. கருதிச் செய்யும் கொலையை இல்லறத்தான் முற்றும் விட வேண்டும். இல்வாழ்விலும் தொழிலிலும் தற்காப்பிலும் தவிர்க்க இயலாது நேரும் துன்பத்தை இயன்றவரை குறைக்க வேண்டும். வீடு கட்டுவது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதனை விட இயலாது; குறைக்க இயலும். மேலும் சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகமும், அதன் தமிழ் வழியாகிய அருங்கலச்செப்பும் கூறும் குணவிரதங்களுள் ஒன்று, பயனின்றிச் செய்யும் தீங்கை விடுதல். வேண்டாது நிலத்தை அகழ்வதும், வேண்டாது நீரைச் சிந்துவதும், வேண்டாது தீ மூட்டுவதும், வேண்டாது செடிகொடிகளை வெட்டுவதும் அதனுள் அடங்கும். ஏற்கெனவே அகழ்ந்து, ஏற்கெனவே சுட்ட பொருள் ஒருபுறம் குவிந்து கிடக்க, அதே பணிக்காக இன்னொரு மலையை வெட்டினால், அந்த இரண்டாம் வெட்டு பயனின்றிச் செய்த தீங்கன்றோ? கசட்டுக்காக எவரும் இரும்பை உருக்குவதில்லை. ஆதலின் அதனை எடுத்தாள்வது புதிய உலையை மூட்டுவதில்லை. ஒரு புதிய குழியைத் தவிர்க்கிறது.

இது வெறும் தத்துவக் கணக்கன்று. திருவில்லிபுத்தூருக்கு வடகிழக்கே மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் துறவோர் தங்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. தமிழ் எழுத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளுட் பல அப்படுக்கைகளின் தலைமாட்டிலேயே உள்ளன. இராசபாளையத்துக்குத் தெற்கே கழுகுமலைப் பாறையில், பாண்டியர் காலத்தில் வடித்த தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அந்த முனிவர்கள் மலையைப் பெயர்க்கவில்லை. படுத்திருக்க ஆறடி வழுவழுப்பாக்கினர், அவ்வளவே. இன்றோ பாறை என்றாலே சல்லி என்று காணும் காலம் வந்துவிட்டது. அரிட்டாபட்டி, கற்படுக்கையும் தீர்த்தங்கரர் உருவமும் உடைய ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்தது. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தபின் 2025 சனவரியில் அது கைவிடப்பட்டது. அறிவிப்பு ஒரு மலையைக் காக்கலாம். எல்லா மலைகளையும் காக்க வேண்டுமெனில் கல்லின் தேவையே குறைய வேண்டும். கசட்டால் இட்ட சாலை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு குன்றின்மேல் விழவிருந்த உளியைத் தடுக்கிறது.

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள காடும் அவ்வாறே. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் சரணாலயமான அக்காடு, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அக்காட்டின் ஓடைகளே அடிவாரத்துக் கண்மாய்களை நிரப்புகின்றன. அடிவாரத்தில் வெட்டும் ஒவ்வொரு குழியும் அந்த அணிலின் கணக்கிலும், கண்மாயை நம்பிய உழவரின் கணக்கிலும் சேரும்.

இல்லத்தாரும் அறக்கட்டளையாரும் செய்யத்தக்கவை

வீடோ திருமண மண்டபமோ கட்ட முற்படுவோர் சிமெண்ட் மூட்டையின்மீது அச்சிட்டுள்ள எண்ணை வாசித்துப் பார்க்க வேண்டும். ஐ.எஸ். 455 எனில் கசடு கலந்தது, ஐ.எஸ். 1489 எனில் சாம்பல் கலந்தது, ஐ.எஸ். 269 எனில் பெரும்பாலும் கிளிங்கர். விலையை மட்டும் கேட்டு வாங்கிய வழக்கம் மாறி, எண்ணையும் கேட்டு வாங்கும் வழக்கம் வர வேண்டும். எது பொருந்தும் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். கேட்பது குடும்பத்தார் கடமை.

கலப்புச் சிமெண்ட் மெல்ல இறுகும். பொறுமை அதற்கு உணவு. இத்தகைய கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாள், இயன்றால் 14 நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும் என்பது தரவிதி. இராசபாளையத்து வெயிலில் மூன்றாம் நாளே நீர் விடுவதை நிறுத்தினால், பின்னர்ச் சிமெண்டைப் பழிப்பதில் பொருளில்லை. சாக்கை நனைத்துப் போர்த்தினால் நீரும் மிச்சமாகும்.

பழைய கட்டடத்தை இடிப்போர் அதன் செங்கல்லையும் கல்லையும் மரத்தையும் பிரித்து வைக்க வேண்டும். இடிபாட்டுச் சல்லி அடித்தளம் நிரப்ப உதவும். சுண்ணாம்பால் எழுந்த பழைய ஜினாலயங்களைப் புதுப்பிக்கும்போது எந்தச் சிமெண்டையும் அவசரப்பட்டுப் பூசலாகாது. சுண்ணச் சுவர் மூச்சுவிடும் சுவர், அதனைச் சிமெண்டால் மூடினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் செங்கல்லை அரிக்கும். அங்குப் பழைய சுண்ணாம்பே முறை. இருப்பதைக் காப்பது, எந்த மறுபயனுக்கும் முற்பட்ட மறுபயன்.

இரும்பு, சிமெண்ட் வணிகத்தில் ஈடுபட்டிருக்கும் குடும்பங்கள் இன்னும் ஒரு படி மேலே செய்யலாம். வாடிக்கையாளர்க்குக் கலப்புச் சிமெண்டின் இயல்பை விளக்கலாம். பக்குவப்படாத கசட்டை நிரப்பு மண்ணாக விற்பதில்லை என்று உறுதி கொள்ளலாம். வணிகத்தில் கொள்ளும் இவ்வுறுதியும் ஒரு விரதமே.

நிறைவு

ஒன்று மட்டும் மறத்தலாகாது. கசட்டை எடுத்தாள வழியிருக்கிறது என்பதால் எவ்வளவும் உருக்கலாம், எவ்வளவும் கட்டலாம் என்று எண்ணினால் அறம் தலைகீழாகிவிடும். கழிவை மறுபயனாக்குவது இரண்டாம் அறம். வேண்டாததைக் கட்டாதிருப்பது முதல் அறம். நாலு பேர் வாழும் குடும்பத்துக்கு எட்டு அறை எழுப்பி, அது கசட்டுச் சிமெண்ட் என்று பெருமை கொள்வதில் மிகுபொருள் விரும்பாமை எங்கே நிற்கும்?

உலையில் சுண்ணாம்பு மாசைத் தான் ஏற்று இரும்பைத் தூயதாக்குகிறது. பின்னர் அச்சுண்ணாம்பே கசடு என்று பெயர் பெற்று எறியப்படுகிறது. அதனை மீண்டும் எடுத்து, பக்குவமறிந்து, ஒரு வீட்டின் சுவராகவோ ஓர் ஊரின் சாலையாகவோ நிறுத்துவது, உதவிய பொருளுக்குச் செய்யும் நன்றியும் ஆகும். வெட்டப்படாத மலைக்குச் செய்யும் அருளும் ஆகும். கழுகுமலையின் பாறை உருவங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அசையாது அமர்ந்திருக்கின்றன. இன்னும் ஆயிரம் ஆண்டு அவ்வாறே அமர்ந்திருக்க வேண்டுமெனில், ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு வாசலில் இறங்கும் மூட்டையையும் சல்லியையும் ஒருமுறை உற்று நோக்க வேண்டும். இது எந்த மண்ணிலிருந்து வந்தது, இது இல்லாமல் இயலாதா, இதற்குப் பதிலாக எறிந்து கிடப்பது ஏதேனும் உண்டா என்று கேட்க வேண்டும்.

அவ்வாறு கேட்கும் குடும்பங்கள் பெருகுக! மலைகள் நிலைக்க! அறம் வளர்க!